பதினேழாம் நம்பர் டிரம்

போன வாரம் சுன்யேயின் கையில் சுங்க இலாகாவின் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்து, அதைப் பிரிக்கவிடாமல் மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாளாகக் கால் கடுக்க நின்றிருப்பாள், பாவம். முதலில் அவளை உட்கார வைக்கிறேன்.

நடுவில் விட்டுப்போனவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. பூசான் துறைமுகத்துக்கு எதிரே ஜுங்காங் தெருவில், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வைத்திருக்கிற சுங்க முகவர் பியோ சுன்யே. வயது நாற்பத்திரண்டு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், முத்திரையைத்தான் கட்டிக்கொண்டேன் என்பாள். அவளுடைய அண்ணன் கில்தோ, சாசாங் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறான். பாமாயிலிலிருந்து வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் எடுக்கும்போது அடியில் பழுப்பாக, பாகு மாதிரி ஒன்று மிஞ்சும். கச்சா கிளிசரின் என்பார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். சோப்புக்கும், குளிரில் வெடித்த கைக்குப் பூசும் களிம்புக்கும் போகும். இந்தோனேசியாவிலிருந்து அப்படி நாற்பது டிரம் வந்து இறங்கி, காம்மான் துறைமுகக் கிடங்கில் சுங்கத்தின் காவலில் நிற்கிறது.

கடல் கடந்து வரும் எந்தப் பொருளுக்கும் சுங்கப் புத்தகத்தில் ஒரு எண் உண்டு. அதுதான் அதன் ஜாதகம். வரியும் அதைப் பார்த்துத்தான், அனுமதியும் அதைப் பார்த்துத்தான். கச்சா கிளிசரினுக்கு ஒரு எண் இருக்கிறது. அதில் போனால் கொஞ்சம் வரியோடு வெளியே வந்துவிடும். அதே புத்தகத்தில் இன்னும் பின்னால் போனால், ரசாயன ஆலைகள் கழித்துப் போடும் எச்சங்களுக்கென்று வேறொரு எண். அதில் விழுந்துவிட்டால் சரக்கு என்ற பேர் போய்க் குப்பை என்ற பேர் வந்துவிடும். குப்பையை இறக்குமதி செய்ய இன்னொரு இலாகாவின் அனுமதி வேண்டும். கில்தோவிடம் அது இல்லை.

சுன்யே முதல் எண்ணைத்தான் எழுதியிருந்தாள். கூடவே ஓர் உறுதிமொழித் தாளும் கொடுத்திருந்தாள். சரக்கு இறங்கிய நாள் முதல் அதிகாரி மாதிரி எடுக்கும் நாள் வரை எவர் கையும் அதில் படவில்லை என்று அதில் இருந்தது. அடியில் அவளுடைய சிவப்பு முத்திரை. அந்த முத்திரை பொய் சொன்னது என்று ஆகிவிட்டால் அவளுடைய உரிமம் போய்விடும். இந்த வாரம் நாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டியது அதற்காகத்தான்.

இனி உறையைப் பிரிக்கலாம்.

உள்ளே இரண்டு பக்கம். ஆய்வகத்தின் அறிக்கை. கிளிசரின் இவ்வளவு, உப்பு இவ்வளவு, ஈரம் இவ்வளவு. எல்லாம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தன. சுன்யே பெருமூச்சு விடப்போனாள். கடைசி இரண்டு வரி அந்த மூச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டது.

‘மாதிரியில் அரிசி மாவுச்சத்தும் ஈஸ்ட்டும் காணப்பட்டன. வேறு ஆலையின் கழிவு கலந்த எச்சம் எனக் கருதப்படுகிறது.’

அதற்குக் கீழே, முடிவு எழுதுவதற்கு முன் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் இன்று இரண்டு மணிக்கு நேரில் வந்து சொல்லும்படி ஒரு குறிப்பு.

அரிசியா? பாமாயிலில் ஏது அரிசி?

அவளுக்குக் கோபம் முதலில் ஆய்வகத்தின் மேல்தான் வந்தது. சுங்க அதிகாரி பாங்குக்குப் போன் போட்டாள். உங்கள் ஆட்கள் மதியச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டுதான் சோதனை செய்கிறார்களா என்று கேட்டாள். இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே கேட்டாள். பாங் எதற்கும் குரல் உயர்த்துகிற மனிதர் இல்லை.

“சோத்து டப்பா லேபுக்குள்ள போகாது, ஏஜென்ட் அம்மா. ரெண்டு மணிக்கு வாங்க. நீங்க வரலேன்னா நான் எழுதிடுவேன்.”

போனை வைத்தவள் கோட்டை மாட்டிக்கொண்டு காம்மானுக்கு டாக்சி பிடித்தாள். அந்த நாற்பது டிரம்மையும் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. ஆமாம், அதுவரை அவள் அவற்றைப் பார்த்ததே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி மாதத்துக் கடல்காற்று கிடங்கு வாசலில் கத்தி மாதிரி வீசிக்கொண்டிருந்தது. கிடங்குக்காரர் யோம் அவளைக் கண்டதும் சிகரெட்டைச் செருப்புக்கடியில் போட்டு மிதித்தார். டிரம்களெல்லாம் நன்றாக இருப்பதாகவும், வெளியே நிற்காமல் உள்ளே வந்து ஒரு காபி குடிக்கும்படியும், மூச்சு விடாமல் சொன்னார். கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிற ஆளைப் பார்த்தால் சுன்யேக்கு எப்போதுமே சந்தேகம். அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

உள்கதவு நிலைக்கு மேலே, வெள்ளை நூல் சுற்றிய ஒரு காய்ந்த மீன் தொங்கிக்கொண்டிருந்தது.

சுன்யே அப்படியே நின்றுவிட்டாள். புது வண்டிக்கும் புது மெஷினுக்கும் பன்றித் தலை வைத்துப் படையல் போட்டால், முடிந்ததும் வாசலில் இந்த மீனைக் கட்டுவார்கள். படையல் என்றால் அரிசிக்கள் இல்லாமல் முடியாது. அரிசிக்கள்ளில் என்ன இருக்கும் என்று அவளுக்கு ஆய்வகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது எப்ப கட்டினது?”

“அது… பழசுக்கா. ரொம்ப நாளா இருக்கு.”

“துறைமுகக் கரியில வெள்ளைத் துணி ஒரு மாசத்துல கறுத்துப்போவுது. இந்த நூல் வெள்ளை வெளேர்னு இருக்கு. எப்ப கட்டினது?”

யோம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நான் என்னக்கா பண்ணட்டும்? உங்க அண்ணன் ஸ்கூல்ல எனக்கு ரெண்டு வருஷம் சீனியர். சீனியர் வந்து கதவைத் தொறடான்னா…”

“கடல்ல குதிடான்னா?”

“அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்க்கா. நீச்சல் தெரியுமான்னு கேட்டுட்டுத்தான் சொல்வார்.”

அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மிச்சத்தையும் கொட்டிவிட்டார். அதிகாரி மாதிரி எடுக்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கில்தோ மனைவியையும் ஆலை ஆட்கள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பன்றித் தலை, அவல்மாவு தூவிய அரிசிப் பணியாரம், ஒரு குடம் கள். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு கில்தோ ஸ்பேனரை எடுத்து, முன்வரிசையில் முதல் டிரம்மின் மூடியைத் திருகி, ஒரு கிண்ணம் கள்ளை உள்ளேயே ஊற்றிவிட்டான்.

“சுத்தி ஊத்துவாங்க, சரி. உள்ள எதுக்கு ஊத்தினான்?”

“நானும் கேட்டேன்க்கா. சுத்தி ஊத்தினா தரைதானே குடிக்குது, சரக்கு எப்ப குடிக்கிறதுன்னார்.”

குளிரில் கிளிசரின் தேன்பாகாய் இறுகிக் கிடக்கும். ஊற்றிய கள் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே ஆடை கட்டி நின்றிருக்கும். மாதிரி எடுக்கும் குழாயும் அந்த இறுக்கத்துக்குள் அரைச் சாணுக்கு மேல் இறங்கியிருக்காது. சுன்யேயின் மண்டைக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து உட்கார்ந்தன. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நூலோடு மீனைப் பிய்த்தாள். யோம் இரண்டடி பின்னுக்குப் போனார். அதில் கை வைத்தவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சாசாங்கில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆலையின் பின்னறையில் கில்தோ பன்றி எலும்பு சூப்பில் சோற்றைக் கொட்டிக் கலந்துகொண்டிருந்தான். அடுப்பருகே அவன் மனைவி நின்றிருந்தாள். சேமின் என்று ஒரு மகன் இருப்பதால் அவளை எல்லாரும் சேமின் அம்மா என்றே கூப்பிடுவார்கள். சுன்யே உள்ளே வந்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் மீனை வைத்தாள். வைத்தாள் என்றா சொன்னேன்? அடித்தாள். சூப்பு தெறித்து அண்ணனின் சட்டையில் விழுந்தது.

அவன் மீனைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். “இதை ஏண்டி அவுத்தே? ஆகாதே.”

“ஆகாதா? எது ஆகாது? பூட்டின கஸ்டம்ஸ் கிடங்குல போய் டிரம்மைத் தொறந்து கள்ளு ஊத்தறது ஆகுமா? அரிசி இருக்கு, குப்பைன்னு லேப்ல எழுதிட்டாங்க, ரெண்டு மணிக்குப் போய் பதில் சொல்லணும்.”

பதிலுக்கு கில்தோ தன் நியாயத்தைச் சொன்னான். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. போன வருஷம் முதல் தடவையாக இந்தக் கச்சா சரக்கு வந்தபோது படையல் எதுவும் போடவில்லை. மூன்றாம் நாளே கொதிகலன் குழாய் வெடித்து, வயசான ஆள் ஒருவரின் கை முழங்கை வரை வெந்துபோனது. அந்தக் கையை ஆட்கள் தினமும் பார்க்கிறார்கள். படையல் போடாமல் புதுச் சரக்கைத் தொட மாட்டோம் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள்.

“சரி, ஆலைக்கு வந்த பிறகு போடறது. காவல்ல இருக்கறப்போ எதுக்கு? மாதிரி எடுத்த அன்னிக்குக் காலைல நான் போன் பண்ணி என்ன கேட்டேன்? யாராவது தொட்டாங்களான்னு கேட்டேனா இல்லையா?”

“தொடலைன்னு சொன்னேன். தொடலதானே. கும்பிட்டோம்.”

சுன்யேயின் குரல் தாழ்ந்தது. அவள் கத்தினால் அண்ணனுக்குப் பயமில்லை. குரலைத் தாழ்த்தினால் பயப்படுவான்.

“ஆறு வருஷம், அண்ணே. பதினேழு வயசுலேர்ந்து ஆறு வருஷம் ஷூ கம்பெனில பசை தடவினேன். அந்தப் பசை நாத்தத்துல தினம் வாந்தி எடுத்துட்டு, மறுபடியும் போய்த் தடவினேன். நீ காலேஜ்ல ரசாயனம் படிக்கணும்னு. படிச்சு நீ கத்துக்கிட்டது இதுதானா? கிளிசரின்ல கள்ளு ஊத்தினா சாமி குடிக்கும்னா?”

கில்தோ கரண்டியைக் கீழே வைத்தான். அவன் கழுத்து சிவந்தது. எத்தனை வருஷத்துக்கு அந்தப் பசையையே என் மூக்கில் தடவிக்கொண்டிருப்பாய் என்று கேட்டான். படிக்க வைத்ததற்குத்தான் ஒவ்வொரு சரக்குக்கும் ஊரில் வேறு முகவரே இல்லாத மாதிரி உன்னிடம் வருகிறேன் என்றான். சுன்யே உடனே, வேறு முகவராயிருந்தால் உன் பேச்சை நம்பி முத்திரை போட்டிருக்க மாட்டான், கிடங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பான் என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தன்னையே சுட்டதை உணர்ந்தாள். சுங்க முகவர் பரீட்சையில் மூன்று தடவை தோற்று நாலாவது தடவை பாஸானவள் அவள். பார்க்காமல் முத்திரை போடாதே என்பதுதான் அதில் முதல் பாடம்.

சேமின் அம்மா மூன்றாவது கிண்ணத்தில் சூப்பு ஊற்றி நாத்தனார் பக்கம் நகர்த்தினாள். மகன் கூப்பிடுகிற முறையில்தான் அவளும் கூப்பிடுவாள். “சண்டை ஓடிப்போகாது, அத்தை. சூப்பு ஆறிடும்.”

யாரும் தொடவில்லை.

கடைசியில் கில்தோதான் மேஜையைத் தட்டினான். “சரி, விடு. நானே கஸ்டம்ஸுக்கு வந்து சொல்றேன். ஒரே ஒரு டிரம். ஒண்ணாம் நம்பர். ஒரு கிண்ணம் ஊத்தினேன். தப்பு என்னுதுதான், சரக்கு நல்ல சரக்கு. அபராதம் போட்டா போடட்டும். போதுமா?”

அடுப்பருகே கரண்டி நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது. சூடு என்று மட்டும் சொன்னாள் சேமின் அம்மா. கிளம்பும்போது அவளும் கோட்டை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஆபீஸ் விவகாரத்துக்கு வந்தவள் இல்லை. கோபத்தில் இருந்த இரண்டு பேருக்கும் அதைக் கவனிக்கத் தோன்றவில்லை. மேஜையில் கிடந்த மீனையும் அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சுங்க அலுவலகத்தில் பாங்கின் அறைக்குப் பாதிக் கண்ணாடி வைத்த கதவு. சேமின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே கில்தோ எழுந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து, சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கொதிகலன், வெந்த கை, படையல், ஒரு கிண்ணம். யோமின் பேரை மட்டும் சொல்லவில்லை. ஜூனியர் இல்லையா.

பாங் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.

“எந்த டிரம்னு சொன்னீங்க, முதலாளி?”

“ஒண்ணாம் நம்பர். முன்வரிசைல முதல்.”

“வேற எதுலயும் ஊத்தலை?”

“சத்தியமா இல்ல.”

பாங் பதிவேட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். “நாங்க மாதிரி எடுத்தது பதினேழாம் நம்பர்ல.”

கில்தோ பதிவேட்டின் மேல் குனிந்தான்.

என்ன நடந்துவிட்டது என்று புரிகிறதா, கண்ணுகளா? ஒன்றாம் டிரம்மில் ஊற்றிய கள் பதினேழாம் டிரம்முக்கு நடந்து போகாது. ஆகவே பதினேழில் இருந்த அரிசி கில்தோவின் அரிசி இல்லை, சரக்கோடு வந்தது. அது குப்பைதான் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அதற்கு மேல், பூட்டிய கிடங்கில் புகுந்து டிரம்மைத் திறந்ததாகவும் அவன் வாயாலேயே சொல்லியாயிற்று. தப்பிக்க வந்த வாசல் இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது.

பாங் அதையெல்லாம் விளக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்து சுன்யேயின் முன்னால் வைத்தார். எவர் கையும் படவில்லை என்ற உறுதிமொழி.

“இது உங்க சீல்தானே, ஏஜென்ட் அம்மா?”

“என்னுதுதான்.”

“கிடங்குக்குப் போய்ப் பார்த்துட்டுத்தானே போட்டீங்க?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஒரே ஒரு தலையசைப்புப் போதும். அண்ணன் ஓரக்கண்ணால் கெஞ்சுவது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கெஞ்சல்தான் அவளுக்கு எரிச்சலை இன்னும் கிளப்பியது.

“பார்க்கல. போன்ல கேட்டேன். அண்ணன் தொடலைன்னார். போட்டேன்.”

“அண்ணன் சொன்னார்னு எழுத இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே, அம்மா.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். பேனா மூடியைத் திறந்தார், முடிவை எழுதுவதற்கு. அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது.

“பதினேழுல ஊத்தினது நான்.”

கையில் பையைப் பிடித்துக்கொண்டு சேமின் அம்மா நின்றிருந்தாள். கில்தோ பாதி எழுந்தான். “நீ வெளிய போ. இங்க உனக்கு என்ன வேலை?”

அவள் போகவில்லை. கணவனைப் பார்க்கவும் இல்லை. அதிகாரியிடம்தான் பேசினாள். படையல் முடிந்து ஆம்பிளைகள் எல்லாம் வெளியே பன்றித் தலையை அறுத்துக்கொண்டிருந்தபோது, தான் குடத்தையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனதாகச் சொன்னாள். இருபது வருஷமாக டிரம் மூடி திறந்து பழகிய கை. அரை மணியில் முடித்துவிட்டாள்.

“இவர் ஒண்ணுல மட்டும் ஊத்திட்டுப் போயிட்டார். மிச்சமெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? போன வருஷம் குழாய் வெடிச்சுக் கையைச் சுட்டது முதல் டிரம்மைக் காய்ச்சறப்பவா? பன்னெண்டாவது. அந்த ஆளுக்குக் கட்டு மாத்தினது நான். அதான் பாரபட்சம் வேண்டாம்னு…”

“எத்தனைல ஊத்தினீங்க?” என்றார் பாங்.

“எல்லாத்துலயும். தலைக்கு ஒரு கரண்டி.”

பாங் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அவருடைய முப்பது வருஷ உத்தியோகத்தில் கேட்காத காரணமே இல்லை என்றுதான் நினைத்திருப்பார், பாவம்.

வாக்குமூலம் எழுத வேண்டும் என்று அவளுடைய பேரைக் கேட்டார். சேமின் அம்மா என்றாள். அது பையனோட பேர், உங்க பேர் என்றார். அவள் யோசித்துத்தான் சொன்னாள்: “குவாக் போக்ஹி.” அந்தக் குடும்பத்தில் யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷமான பேர். சுன்யே சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அண்ணியின் பேரை அவளும் மறந்திருந்தாள்.

இப்போது சுன்யேக்கு உள்ளே கனன்றது வேறொரு கோபம். நிதானமான கோபம். வேலைக்கு ஆகிற கோபம். மாதிரியை மேலேயிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், கள் நின்ற இடத்திலிருந்து எடுத்துவிட்டு முழு டிரம்முக்கும் பேர் வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். நாற்பது டிரம்மையும் வெந்நீர்த் தொட்டியில் வைத்து இளக்கி, கலக்கி, அடிவரைக்கும் குழாய் விட்டு எடுக்கட்டும், அதிகாரி பக்கத்திலேயே நிற்கட்டும் என்றாள். அடியில் கிளிசரினைத் தவிர வேறு ஆலைக் கழிவு இருந்தால் குப்பை என்று எழுதிக்கொள்ளட்டும்.

“கிளிசரின்தான்னு வந்தா நீங்க எழுதின எண் நிக்கும்,” என்றார் பாங். “ஆனா இந்தப் பழைய உறுதிமொழி தப்புதான். அது மேலிடத்துக்குப் போகும். என்ன செய்வாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

“போகட்டும்.”

“மறுசோதனைக்குப் புதுசா ஒரு உறுதிமொழி வேணும். கள்ளைத் தவிர வேற எதுவும் கலக்கல, நாற்பதும் ஒரே சரக்குன்னு. இதுவும் பொய்யாச்சுன்னா உங்க உரிமம் மேலிடம் வரைக்கும்கூடப் போகாது. இந்த மேஜையோட முடிஞ்சிடும்.” அவர் தாளை நீட்டினார். “இந்தத் தடவை கேட்டுட்டுப் போடுங்க.”

சுன்யே அண்ணி பக்கம் திரும்பினாள். “நாற்பதையும் தொறந்து பார்த்தது நீங்கதான். எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துச்சு?”

போக்ஹி வாயைத் திறந்தாள்.

“ஒரே மாதிரிதான்,” என்றான் கில்தோ. “ஒரே ஆலை, ஒரே கப்பல். வேற எப்படி இருக்கும்? போடு.”

மணி நாலைத் தாண்டியிருந்தது. சுன்யே பையிலிருந்து முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, அழுத்தினாள். வாக்குமூலத்தின் மூன்று பக்கத்திலும், பக்கங்கள் சேரும் மடிப்பிலும் போட்டாள். கடைசியாகப் புது உறுதிமொழியில். நாளைக் காலை ஒன்பது மணிக்கு டிரம்மைத் திறக்கப்போவது யார் என்ற இடத்தில் தன் பேரையே எழுதினாள்.

தெருவுக்கு இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. அண்ணன் நாளை கிடங்குப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது என்று சொன்னாள். அவன் முணுமுணுத்தான். சரக்கு என்னுடையது, நான் இல்லாமல் எப்படி என்றான். சரக்கு உன்னுடையதுதான், வாய் உன்னுடையதாக இல்லாமலிருந்தால் வரலாம் என்றாள்.

போக்ஹி பையிலிருந்து மீனை வெளியே எடுத்தாள். “இதை என்ன பண்றது, அத்தை? திரும்பக் கட்டவும் முடியாது. தூக்கிப் போடவும் பயமா இருக்கு.”

“காலைல முள்ளங்கி போட்டு சூப்பு வைங்க. நாற்பது டிரம் தொறக்கணும். வெறும் வயித்தோட முடியாது.”

அதுதான் அன்று முழுக்க சுன்யே சொன்ன ஒரே நல்ல வார்த்தை. ஆனாலும் போக்ஹியின் முகம் தெளியவில்லை. மீனின் மேல் சுற்றியிருந்த நூலை விரலால் நெருடிக்கொண்டே நின்றாள்.

“அத்தை. முப்பத்தொம்பதாவது டிரம்…”

“என்ன?”

“அதோட மூடி பாதிதான் திருகியிருந்துச்சு. நான் தொறக்கறதுக்கு முன்னாடியே. உள்ள வாசம் வேற மாதிரி. மத்ததெல்லாம் பாகு வாசம். அது ரப்பர் கருகின மாதிரி. நிறமும் கறுப்பு.”

கில்தோ சீறினான். “சும்மா இரு. இதை ஏன் அங்கேயே சொல்லலை?”

“என்னைத்தான் கேட்டாங்க. நீங்கதானே பதில் சொன்னீங்க.”

சற்று முன் சுன்யே எதற்கு முத்திரை போட்டாள்? நாற்பதும் ஒரே சரக்கு. மை இன்னும் காய்ந்திருக்காது. இது இரண்டாவது தடவை. அதே அண்ணன், அதே பேச்சு, அதே முத்திரை. சத்தம் போடுவாள் என்று கில்தோ ஓரடி விலகினான். அவளோ தலையைத் தூக்கி, சுங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். பாங்கின் அறையில் விளக்கு எரிந்தது. குனிந்த அவர் தலை ஜன்னலில் தெரிந்தது.

காலை வரை பொறுக்கலாம். அந்த ஒரு டிரம்மை யோமிடம் சொல்லி ஓரமாக ஒதுக்கச் சொல்லலாம். சீனியர் சொன்னால் அவர் செய்வார். அண்ணன் அதைத்தான் சொல்ல வாயெடுத்தான்.

“நீ பேசாதே,” என்றாள் சுன்யே. “இன்னிக்கு நீ பேசினது போதும்.”

பிறகு அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். “வாங்க, போக்ஹி அண்ணி. இப்ப நீங்கதான் பேசணும். பார்த்ததைப் பார்த்தபடி.”

போக்ஹி கையிலிருந்ததை அப்படியே கணவனிடம் திணித்துவிட்டு அவள் பின்னால் போனாள். இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் மாடிப்படியில் மேலே மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. கில்தோ தெருவில் தனியாக நின்றான், இரண்டு கையிலும் கருவாட்டை ஏந்திக்கொண்டு.

மேலே சுன்யே கண்ணாடிக் கதவைத் தட்டினாள். பாங்கின் நிழல் ஜன்னலில் எழுந்து நின்றது.